தோழமை எனும் முதல்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் சிலமலை என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊரில் நின்று மேற்கே தலையை உயர்த்தினால் ஏலமலைத் தொடர் கோட்டைச் சுவர்போல் நிற்கும். சுபுஹுத் தொழுகை முடிந்து வெளியே வருகின்ற வேளையில், இப்பகுதி ஊர்களிலிருந்து தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டை நோக்கி விரையும். மாலையில் அவை திரும்பும்போது ஏலக்காயின் மணமும் கூடவே இறங்கி வரும். கூலிக்குப் போகிறவர், இரண்டு ஏக்கர் தோட்டம் வைத்திருப்பவர், காய் வாங்கி விற்பவர், தரம் பிரிப்பவர் என்று இவ்வட்டாரத்தில் அம்மலையை நம்பாத குடும்பம் குறைவு.

இப்பகுதியில் நம்மிடம் சிறு வயதில் ஓதிய ஒருவர் ஏலக்காய் வாங்கித் தரம் பிரித்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பும் சிறு வணிகம் செய்து வந்தார். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏலக்காய் விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. இன்னும் ஏறும் என்று எண்ணிக் கடன் வாங்கிச் சரக்கை இருப்பு வைத்தார். விலை இறங்கியது. இரண்டே ஆண்டுகளில் அது ஆயிரம் ரூபாய்க்கும் கீழே போயிற்று. அவர் கடையைப் பூட்டினார். பிறகு ஜும்ஆவுக்கும் வராதவரானார். வேறு ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுகிறார் என்று பின்னர் அறிந்தோம். தெரிந்த முகங்களைப் பார்க்க நாணம்.

நாம் அவர் வீடு சென்றோம். ஸப்ரைப் பற்றிப் பேசினோம். தவக்குலைப் பற்றிப் பேசினோம். கைகட்டிக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது எல்லாம் சரிதான் ஹஜரத். ஆனா எனக்கு யாவாரம் வராது. என் நசீபுல அது இல்ல" என்றார். நம் சொற்கள் அவர் செவியைத் தாண்டவில்லை என்பதை உணர்ந்து திரும்பினோம்.

சில வாரங்கள் கழித்து அதே தொழிலில் இருக்கும் மூவர் இஷாவுக்குப் பிறகு அவருடைய திண்ணையில் போய் அமர்ந்தார்கள். இருவர் நம்மவர், ஒருவர் இந்துச் சகோதரர். அவர்கள் உபதேசம் செய்யவில்லை. கணக்கு நோட்டை எடுத்து வரச் சொன்னார்கள். பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். நட்டத்தின் காரணம் அவருக்குத் தொழில் தெரியாமை அன்று, கடன் பணத்தில் சரக்கைத் தேக்கியதே என்று கண்டார்கள். "உன் காய்னா மூட்டையப் பிரிச்சுப் பார்க்காமலே எடுப்பாங்கப்பா. அது எங்க மூணு பேருக்குமே கிடையாது" என்றார் அவர்களில் மூத்தவர். நம் மாணவர் அன்றுதான் அழுதார். பின்னர் சிறிய அளவில் மீண்டும் தொடங்கினார். பெரும் பணக்காரராகிவிடவில்லை, ஆனால் கடை திறந்திருக்கிறது, ஜும்ஆவுக்கும் வருகிறார்.

நம்முடைய உபதேசத்தால் ஆகாதது அந்த நோட்டுப் புத்தகத்தால் எப்படி ஆயிற்று? இக்கேள்வி நம்மைப் பல நாள் விடவில்லை. விடையைத் தேடி வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டினோம். கண்டதை வாசகர்முன் வைக்கிறோம்.

வழக்காடுபவனே சாட்சியா?

ஃபிக்ஹுப் பாடத்தில் ஆண்டுதோறும் மாணவர்க்கு நாம் ஒன்றைச் சொல்லிக் கொடுக்கிறோம். வழக்கைக் கொண்டு வருபவனே அவ்வழக்குக்குச் சாட்சியாக நிற்க முடியாது; சாட்சி வேறொருவராக இருக்க வேண்டும். காழியும் தம் சொந்த வழக்கில் தாமே தீர்ப்புக் கூற இயலாது.

தன்னம்பிக்கை இழந்த மனிதன் செய்வது என்ன? அவன் தன்மீது தானே வழக்குத் தொடுக்கிறான். தானே சாட்சி சொல்கிறான். தானே காழியாக அமர்ந்து, உன்னால் ஆகாது என்று தீர்ப்பும் வழங்கிவிடுகிறான். பிறர்மீது கெட்ட எண்ணம் கொள்வதை ஸூஉழ் ழன் என்று கூறி நாம் விலக்குகிறோம். அதே கெட்ட எண்ணத்தைத் தன்மீது கொள்வதை மட்டும் பணிவு என்று தவறாகக் கருதிவிடுகிறோம். உள்ளத்தில் ஊசலாடும் இந்த வஸ்வாஸுக்கு மருந்து, தன்னைத் தானே தேற்றிக்கொள்வது அன்று. அதுவும் அதே சாட்சியின் சொல்தானே! தன்னை அறிந்த வேறொருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

இதற்குச் சிறந்த சான்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே உண்டு. ஹிராக் குகையில் முதல் வஹீ இறங்கியபோது நடுக்கத்துடன் இல்லம் திரும்பிய அண்ணலாரை அன்னை கதீஜா நாயகி (ரலி) போர்த்தித் தேற்றிய செய்தியை நம் இல்லத்துக் குழந்தைகளும் அறிவர். அல்லாஹ்வின் தூதருக்கு ஏற்பட்ட அந்நிலையை நம் போன்றோரின் ஐயத்தோடு ஒப்பிட நாம் துணியமாட்டோம். அன்னையார் தேற்றிய முறையை மட்டும் காண்போம். அஞ்ச வேண்டாம் என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. உறவினரைப் பேணுவது, பிறர் சுமையைத் தாங்குவது, ஏழைக்கு ஈட்டிக் கொடுப்பது, விருந்தினரை உபசரிப்பது என்று அண்ணலாரின் செயல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்கள். இத்தகையவரை அல்லாஹ் கைவிடமாட்டான் என்று முடித்தார்கள். அது புகழ்ச்சி அன்று, சாட்சியம். அந்த அன்னை யார்? தம் வணிகச் சரக்குடன் அண்ணலாரைச் சிரியாவுக்கு அனுப்பி, அவர்களுடைய நேர்மையைக் கணக்கிலேயே கண்டறிந்தவர்கள்!

மதீனத்துச் சந்தை

கி.பி. 622இல் ஹிஜ்ரத் நிகழ்ந்தது. மக்காவில் வணிகராய் வாழ்ந்த முஹாஜிர்கள் பலர் மதீனாவில் வெறுங்கையுடன் நின்றார்கள். புதிய ஊர், பேரீச்சந்தோட்ட ஊர், இவர்களோ உழவு அறியாதவர்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் முஹாஜிர் ஒருவரையும் அன்ஸாரி ஒருவரையும் இணைத்துச் சகோதரராக்கினார்கள். முஆகாத் என்று வரலாறு குறிக்கும் ஏற்பாடு இதுவே.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அவர்களுக்குச் சகோதரராக வாய்த்தவர் ஸஃது இப்னு ரபீஉ (ரலி). செல்வரான ஸஃது தம் சொத்தில் சரிபாதியை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டினார். அப்துர் ரஹ்மான் அவருக்காகத் துஆச் செய்துவிட்டு, இவ்வூரில் சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். பனூ கைனுகாவின் சந்தையைக் காட்டினார்கள். அங்கே போய் உலர்ந்த பாற்கட்டியும் நெய்யும் விற்றார். சிறிது காலத்தில் மணமகனாகி வந்து நின்றார். மஹர் எவ்வளவு என்று அண்ணலார் வினவ, ஒரு பேரீச்சங் கொட்டையின் எடையளவு பொன் என்றார். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்து அளிக்குமாறு அண்ணலார் பணித்தார்கள்.

இந்நிகழ்ச்சியை நம் மிம்பர்களில் சொல்லும்போது அப்துர் ரஹ்மானின் தன்மானத்தைப் பாராட்டுகிறோம். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஸஃதை மறந்துவிடுகிறோம். பாதிச் சொத்தைத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னபின் சந்தைக்குப் போகிறவனின் நடையும், யாருமில்லாமல் போகிறவனின் நடையும் ஒன்றாகா. அந்தச் சொத்தை அவர் தொடவில்லை. என்றாலும் விழுந்தால் தாங்க ஒரு கை இருக்கிறது என்ற உறுதி அவரோடு சென்றது. புதிதாய்த் தொழில் தொடங்குகிறவனுக்குப் பணத்துக்கு முன்பே இரண்டு தேவை: பின்னால் நிற்க ஒருவர், சந்தைக்கு வழி காட்ட ஒருவர்.

இன்னொரு நிகழ்ச்சி. அன்ஸாரி ஒருவர் அண்ணலாரிடம் வந்து உதவி கேட்டார். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பாதியை விரித்துப் பாதியைப் போர்த்தும் ஒரு முரட்டுத் துணியும், நீர் அருந்தும் ஒரு கிண்ணமும் என்றார். அவற்றைக் கொணரச் செய்து, தோழர்கள் நடுவே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹத்துக்குக் கேட்டார். கூடுதலாகத் தருபவர் யார் என்று அண்ணலார் மீண்டும் கேட்க, இன்னொருவர் இரண்டு திர்ஹம் தந்து பெற்றார். ஒன்றுக்கு வீட்டுக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடரி. அக்கோடரிக்கு அண்ணலார் தம் திருக்கரத்தாலேயே பிடி பொருத்தினார்கள். விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாள் தம் கண்ணில் படக்கூடாது என்றும் கூறி அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது பத்துத் திர்ஹம் ஈட்டியிருந்தார்.

இதன் நுட்பத்தைக் காணுங்கள். தன்னிடம் ஏதுமில்லை என்று எண்ணியவருடைய பொருளிலிருந்தே முதல் உண்டாக்கப்பட்டது. தோழர்கள் தானம் செய்யவில்லை, விலை கொடுத்தார்கள். கருவி கிடைத்தது. அதைவிட முக்கியமாகத் தவணை கிடைத்தது: இத்தனை நாளில் வந்து கணக்குச் சொல்ல வேண்டும் என்ற தவணை. கேட்பதற்கு ஒருவர் காத்திருக்கிறார் என்றால் மனிதனுக்கு ஐயுற்று அமர்ந்திருக்க நேரமில்லை.

செப்பேட்டில் பதிந்த சாட்சிகள்

அரபு வணிகர் கடல் கடந்து நம் கரைகளுக்கு வந்த காலத்திலும் தனியாளாய் வந்து வென்றவர் அரியர். போடிமெட்டு மலைக்கு அப்பால் சேரநாட்டின் தென்பகுதி வேணாடு. அதன் துறைமுகமான கொல்லத்தில் கி.பி. 849இல், ஸ்தாணு ரவி என்னும் சேர மன்னன் காலத்தில், வேணாட்டுத் தலைவர் அய்யனடிகள் திருவடி தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவத் தேவாலயத்துக்குச் சில உரிமைகளை வழங்கிச் செப்பேடு அளித்தார். அவ்வுரிமைகளைக் காக்கும் பொறுப்பை ஏற்றவை அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்கள். அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து வந்து குடியேறிய வணிகரின் கூட்டு என்று ஆய்வாளர் கருதுவர்.

அச்செப்பேட்டின் சாட்சிக் கையொப்பங்கள் அரபு படித்த நம்மை வியக்க வைக்கின்றன. கூஃபி எழுத்தில் அரபுப் பெயர்கள். பஹ்லவி எழுத்தில் பாரசீகப் பெயர்கள். எபிரேய எழுத்தில் யூதரின் பெயர்கள். ஒரு கிறித்தவப் பள்ளிக்காக முஸ்லிமும் யூதரும் பாரசீகரும் சாட்சி நிற்கிறார்கள்! ஊரும் மொழியும் அறியாத வணிகன் அக்கரையில் இறங்கியபோது, தன் பெயரால் மட்டும் இறங்கவில்லை. குழுவின் பெயரால் இறங்கினான். அவனுடைய நாணயத்துக்குக் குழு சாட்சி. அவன் துணிவின் பாதி அந்தச் சாட்சியில் இருந்தது.

திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவும் இவ்வகையினதே. சுமத்திராத் தீவின் பாரூஸுக்கு அருகே கிடைத்த அவர்களுடைய தமிழ்க் கல்வெட்டு கி.பி. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நம் முன்னோர் திரைகடல் ஓடித் திரவியம் தேடினர் என்று பெருமை பேசுகிறோம். அவர்கள் கூடி ஓடினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெள்ளி மாலைக் கூட்டம்

வணிகக் குழுக்கள் பெரும் முதலாளிகளுக்கு உரியவை. எளிய தொழிலாளர்க்கு என்ன வழி என்று கேட்கலாம். இதற்கு மேலை நாட்டிலிருந்து ஒரு சான்று காட்டுவோம்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1727ஆம் ஆண்டு பெஞ்சமின் பிராங்ளின் என்ற இளைஞர் தம் நண்பர்களைக் கூட்டி ஜுண்டோ என்னும் சிறு கழகத்தைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடுவர். செருப்புத் தைப்பவர், தச்சர், கண்ணாடி பதிப்பவர், நில அளவையாளர், பத்திரம் எழுதுபவர், வணிகரின் குமாஸ்தா என்று உறுப்பினருள் பெரும்பாலோர் எளிய தொழிலாளர். கூட்டத்தில் கேட்பதற்கென்று நிலையான வினாக்கள் வைத்திருந்தார்கள். ஊரில் அண்மையில் தொழிலில் தோற்றவர் உண்டா, காரணம் என்ன? செழித்தவர் உண்டா, எவ்வழியால்? புதிதாய்த் தொடங்கிய இளைஞர் யார், அவருக்கு நாம் எவ்வாறு ஊக்கம் தரலாம்? வினாக்கள் இந்தப் போக்கில் அமைந்தன.

1728இல் பிராங்ளின் ஒரு கூட்டாளியுடன் அச்சகம் திறந்தார். ஊரில் முன்பே அச்சகம் இருக்கிறது, இது நிலைக்காது என்று வணிகர் பலர் பேசினர். சாமுவேல் மிக்கிள் என்னும் முதியவர் வீட்டு வாசலுக்கே வந்து, இந்த நகரம் அழிந்துகொண்டிருக்கிறது, எல்லாரும் நொடித்துப் போகப்போகிறார்கள், உன் பணமும் வீண் என்று சொல்லிப் போனார். முன்பே அவரைச் சந்தித்திருந்தால் தொழிலையே தொடங்கியிருக்க மாட்டேன் என்று பிராங்ளின் தம் வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். அம்முதியவரோ பல ஆண்டுகள் கழித்து அதே நகரில் ஐந்து மடங்கு விலை கொடுத்து வீடு வாங்கினாராம்! நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் இத்தகைய முதியவர் உண்டு; சில சமயம் இளைஞரும் உண்டு.

அச்சகத்துக்குப் பெரிய வேலையைக் கொண்டுவந்து சேர்த்தவர் கழக நண்பர் ஒருவர். கடன் கழுத்தை நெரித்து, கூட்டாளியும் குடியில் கெட்டுப்போன வேளையில், கழகத்தைச் சேர்ந்த இருவர் ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியே வந்து பணம் தர முன்வந்தனர். 1730இல் அக்கூட்டு கலைந்து அச்சகம் பிராங்ளினின் தனியுடைமை ஆயிற்று. பணம் தந்த நண்பர்கள் ஒரு குறையை முகத்துக்கு நேரே சொல்லித்தான் தந்தனர்: அக்கூட்டாளியோடு தொடர்வது உனக்குக் கேடு என்றார்கள். தட்டிக் கொடுப்பது மட்டும் தோழமை அன்று. நபிமொழி ஒன்று தோழனைக் கண்ணாடிக்கு ஒப்பிடுவது இதனால்தான். கண்ணாடி முகத்தின் அழுக்கைக் காட்டும். இல்லாத அழுக்கைக் காட்டாது. கண்டதை ஊருக்குச் சொல்லாது.

ஏலமும் ஏலமும்

மீண்டும் நம் மலையடிவாரத்துக்கு வருவோம். தமிழில் ஏலம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று மலையில் விளையும் நறுமணப் பொருள். மற்றொன்று கூவி விலை கேட்டு விற்கும் முறை. இவ்விரண்டாவது சொல் போர்த்துகீசியரின் 'லெய்லாவ்' என்பதிலிருந்து வந்தது என்றும், அதுவும் அறிவிப்பு எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழி வந்தது என்றும் சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். இரண்டு ஏலமும் ஒன்றாய்க் கலந்து நிற்கும் ஊர் போடிநாயக்கனூர்.

ஏல விவசாயம் பொறுமையைச் சோதிக்கும் தொழில். நட்ட கன்று மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்கும். நிழல் மரம் வேண்டும், மழை தவறாமல் வேண்டும், காற்று மிஞ்சக்கூடாது. காய் ஒரே நாளில் முற்றாது. மாதத்துக்கு ஒரு சுற்று என்று பல சுற்று எடுக்க வேண்டும். எடுத்த பச்சைக்காயை ஸ்டோரில் பக்குவமாய்ச் சூடேற்றி உலர்த்தினால், ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சை ஒரு கிலோ காயாகும். இத்தனைக்கும் பிறகு விலை என்னவென்று அவனுக்கே தெரியாது. ஐயம் குடியேறுவதற்கு இதைவிட ஏற்ற தொழில் வேறுண்டோ!

19ஆம் நூற்றாண்டில் ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைப் பொருளாக இருந்தது. அக்காலம் முதலே மலையில் பயிரிட்டவருள் பலர் அந்நாளைய மதுரை மாவட்டத்துப் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து ஏறிப் போன தமிழர். பிற்காலத்தில் தனியுரிமை நீங்கியது. ஆனால் விவசாயி தனிமையிலிருந்து நீங்கவில்லை. முன்பணம் தந்த வியாபாரிக்கே காயைப் போட வேண்டியிருந்தது. உன் காய்க்கு நிறமில்லை என்று அந்த ஒருவர் சொன்னால், அதை மறுத்துச் சொல்ல வேறு வாய் இல்லை. தன் காயைப் பற்றி மட்டுமல்ல, தன் திறமையைப் பற்றியும் அதே வாயின் தீர்ப்பைத்தான் அவன் நம்ப வேண்டியிருந்தது.

பலர் கூடும் ஏலமுறை இந்நிலையை மாற்றியது. மாதிரிக் காயைப் பலர் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். பலர் விலை சொல்கிறார்கள். அடுத்த தோட்டத்தின் காய் என்ன விலைக்குப் போயிற்று என்பதும் தெரிகிறது. அதாவது, ஒரு சாட்சிக்குப் பதில் பல சாட்சிகள். 1966இல் ஏலக்காய் வாரியம் அமைந்தது; 1987இல் அது நறுமணப் பொருள் வாரியத்துள் அடங்கியது. 2007இல் போடியில் மின்னணு ஏலம் வந்தது. கருவி மாறினாலும் பலர் கூடிப் பார்த்து விலை சொல்லும் அடிப்படை மாறவில்லை.

1980களில் இத்தொழிலுக்குப் பேரிடி விழுந்தது. அரபு நாடுகளில் கஹ்வாவுக்கு ஏலக்காய் இன்றியமையாதது. அச்சந்தை நம்முடையது என்று இருந்தோம். நடு அமெரிக்காவின் குவாத்தமாலா நாடு மலிவாக விளைவித்து அச்சந்தையைப் பிடித்துக்கொண்டது. இனி ஏலத்துக்கு எதிர்காலமில்லை என்ற பேச்சு எங்கும் எழுந்தது. அக்காலத்தில் இடுக்கி மாவட்டக் கட்டப்பனைப் பகுதியைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்னும் விவசாயி, தம் தோட்டத்தில் மிகுதியாய்க் காய்த்த செடிகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கி, ஞள்ளானி என்னும் ரகத்தை உருவாக்கினார். அவர் ஆராய்ச்சி நிலையத்து அறிஞர் அல்லர். அந்த ரகம் மலைத்தோட்டங்களெங்கும் பரவியது, விளைச்சல் பன்மடங்கு பெருகியது. அது பரவிய வழிதான் நமக்குப் பாடம். பக்கத்துத் தோட்டக்காரன் கண்ணால் கண்டான். கன்று வாங்கி நட்டான். அவனைப் பார்த்து அடுத்தவன் நட்டான். நூறு துண்டறிக்கை தராத நம்பிக்கையை, தன்னைப் போன்ற ஒருவனின் தோட்டம் தந்தது.

போடியில் ஏல விவசாயிகள் சங்கம் 1970களில் ஒரு கல்லூரியையும் தொடங்கியது. விலைக்காகக் கூடியவர்கள் பிள்ளைகளின் கல்விக்காகவும் கூடினார்கள் என்பதற்கு அது நிற்கும் சான்று. 1928இல் போடிக்கு ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். விடுதலைக்குப் பின் மீண்டும் போட்டார்கள். அகலப் பாதைக்காக 2010இன் இறுதியில் நிறுத்திய ரயில், 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பியது. இருமுறை தண்டவாளம் போயிற்று, சந்தை போகவில்லை. சந்தை என்பது கூடி அமர்ந்த மனிதர்கள். அதைப் பெயர்த்து எடுக்க முடியாது.

புல்லுச்சேரிப் பெண்மணி

ஆண்களின் கதையை மட்டும் சொல்லி முடிப்பது நீதியாகாது. மதுரையை அடுத்த புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை என்னும் அம்மையார் எழுத்தறியாத விவசாயக் கூலி. அறுவடைக்கு ஆள் சேர்த்து, கூலி பேசி, எல்லாருக்கும் சமமாய்ப் பகிர்ந்து கொடுக்கும் தலைமைப் பண்பு அவரிடம் இருந்தது. 1990களில் மதுரைப் பகுதியில் களஞ்சியம் என்னும் பெயரில் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் தோன்றியபோது அவர் அவற்றின் முன்னோடியானார். குறித்த நாளில் கூடுவது, சிறு தொகையைச் சேர்ப்பது, கடன் கேட்பவள் எதற்கு என்று எல்லார் முன்னும் சொல்வது, திருப்பித் தருவது என்பவையே அக்குழுக்களின் நடைமுறை. கந்துவட்டிக்காரரின் வாசலில் தனியே நின்ற பெண், தன்னைப் போன்ற பெண்களின் நடுவே அமர்ந்து பேசக் கற்றாள். 2001ஆம் ஆண்டு சனவரியில் சின்னப்பிள்ளைக்கு தில்லியில் ஸ்த்ரீ சக்தி விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய், குனிந்து அவர் பாதம் தொட்டார். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது.

வட்டியைப் பற்றி நம் மார்க்கம் வகுத்த வரம்பு தெளிவானது. அவ்விஷயத்தில் நம் ஏற்பாடு கர்ழன் ஹஸனா என்னும் அழகிய கடனாகவே இருக்க வேண்டும். ஆனால் கூடி அமர்ந்து, உள்ளதை உள்ளபடி பேசித் தெளியும் முறை நமக்கும் உரியது; முதலில் நமக்கே உரியது. நம் இல்லங்களில் மசாலாப் பொடி அரைத்து விற்கும் தாய்மாரும், தையல் தைக்கும் சகோதரிமாரும் எத்தனையோ பேர் தனித்தனியே போராடுகின்றனர். கதீஜா நாயகியின் வணிகத்தைப் பயானில் சொல்லும் நாம், அப்பெண்கள் கூடி அமர ஓர் அறை ஒதுக்கியிருக்கிறோமா?

நாம் செய்ய வேண்டுவது

நம் ஜமாஅத்துகள் திருமணப் பதிவுக்குக் கூடுகின்றன. சச்சரவு தீர்க்கக் கூடுகின்றன. மையித்து எடுக்கக் கூடுகின்றன. அல்ஹம்து லில்லாஹ்! தொழிலில் விழுந்த ஒருவனைத் தூக்கி நிறுத்தக் கூடுகின்றனவா? தொழில் தொடங்கி ஒரு முறை தோற்ற இளைஞனை, வீட்டார் ஒருபுறமும் ஊரார் ஒருபுறமும் குத்திக் காட்ட, அவன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகிறான். வெளிநாட்டு உழைப்பை நாம் குறை கூறவில்லை. திறமை இருந்தும், உன்னால் ஆகும் என்று சாட்சி சொல்ல ஆளின்றிப் போகிறவனைப் பற்றியே வருந்துகிறோம்.

செலவு ஏதும் வேண்டியதில்லை. ஒத்த நிலையில் உள்ள ஐந்தாறு பேர் போதும். பெரிய முதலாளியின் முன் சிறு கடைக்காரன் வாய் திறக்கமாட்டான். மாதத்தில் ஒரு நாளைக் குறிக்க வேண்டும். கோடரிக்குத் தவணை இருந்தது போல இதற்கும் தவணை வேண்டும். கணக்கோடு வர வேண்டும். கணக்கில்லாத பேச்சு வெறும் ஆறுதலாகவோ வீண் புலம்பலாகவோ முடியும். அங்கே பேசியது அமானிதம், படி தாண்டக்கூடாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கூட்டம் எல்லாம் நன்மை தருவதில்லை. விலை ஏறும் ஏறும் என்று ஒருவரையொருவர் உசுப்பிக் கடனில் தள்ளும் கூட்டமும் உண்டு. 2019இல் இருப்பு வைத்தவர் பலரைக் கெடுத்தது தனிமை அன்று, அத்தகைய கூட்டமே. உன்னால் ஆகாது என்பது எப்படி ஒரு பொய்ச் சாட்சியோ, அப்படியே எதுவும் உன்னால் ஆகும் என்பதும் பொய்ச் சாட்சிதான். நமக்கு வேண்டியது உண்மைச் சாட்சி.

நம் மாணவரிடம் அண்மையில் கேட்டோம்: "அன்றைக்கு நாம் வந்து பேசியது உனக்கு ஒன்றும் பயன்படவில்லையா?" அவர் தயங்கிவிட்டு, "நீங்க வந்ததாலதான் ஹஜரத் கதவத் திறந்தேன். இல்லாட்டி அவங்க வந்தப்பவும் திறந்திருக்க மாட்டேன்" என்றார். நம்மைத் தேற்றுவதற்காகச் சொன்னாரோ, அறியோம். ஆயினும் ஒன்றைக் கற்றோம். இப்பொழுதெல்லாம் இத்தகைய வீட்டுக்கு நாம் தனியே செல்வதில்லை; அதே தொழிலில் உள்ள இருவரை அழைத்துக்கொண்டு செல்கிறோம்.

தனித்து நின்று தன்மீதே தீர்ப்பெழுதிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு உண்மையான சாட்சிகளாக நிற்கும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. அவர்களுடைய ஹலாலான உழைப்பில் பரக்கத்தைச் சொரிவானாக. ஆமீன்.